மூன்று கல் உயரக் கட்டில்: ஃப்ரீடவுன் நாட்குறிப்பு

முதல் நாள்: லுங்கி

விமான நிலையத்தின் பெயர் லுங்கி. வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. டிக்கெட்டை எடுத்துக் காட்டிய பிறகு அம்மா கேட்டாள், "அப்ப வேட்டி எங்கடா இருக்கு?"

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கு விமானத்தில் வருகிறவர்கள் இந்த லுங்கியில்தான் இறங்க வேண்டும். தலைநகர் ஃப்ரீடவுன் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். நேராகக் கடக்கப் பாலம் கிடையாது. சாலையில் போனால் ஊரெல்லாம் சுற்ற வேண்டும் என்பதால் முக்கால்வாசிப் பேர் விசைப்படகில் போய்விடுகிறார்கள். பையை மேலே பத்திரமாகக் கட்டியிருப்பதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள். கட்டியிருந்தார்கள்தான், ஆனால் உறை எதுவும் போடவில்லை. இறங்கியபோது உடுப்பெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. இதை எழுதும்போது எதிரே கொடியில் நாலு சட்டை தொங்குகிறது.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் மழைநீர் வடிகால் வேலை பார்க்கிறவன். கல்லூரி நண்பன் ஒருவன் ஆறு வருஷமாக இங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் இருக்கிறான். "ஒருதரம் இங்க வந்து பாருடா, நீ படிச்ச வடிகாலெல்லாம் மறந்துபோயிடும்" என்று வருஷாவருஷம் கூப்பிடுவான். மழை தொடங்கும் முன் வா என்றான். இங்கே மே மாதத்தில் தொடங்கும் மழை அக்டோபர், நவம்பர் வரை நிற்காது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டும் ஊர், சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஏப்ரல் கடைசியில் கிளம்பினேன்.

படகிலிருந்து பார்க்கும்போது ஊர் ஒரு மலை. கடலை ஒட்டி மங்கலாகச் சில விளக்குகள், நடுவில் நெருக்கமாக, அதற்கு மேலே இருட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அந்த உச்சி விளக்குகளைக் காட்டி நண்பன், "அங்கெல்லாம் காடு இருந்திருக்கணும்" என்றான்.

இரண்டாம் நாள்: வெயில்

காலையில் வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. டிவிஎஸ் கிங். ஓசூர்ச் சரக்கு. இங்கே அதற்குக் 'கெகெ' என்று பெயர். ஓட்டுநரிடம் இது எங்கள் ஊரில் செய்த வண்டி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பிரேக் கட்டையின் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஊர்மொழி கிரியோ. ஆங்கிலத்தை உரலில் போட்டு இடித்து, ஆப்பிரிக்க மொழிகளோடு பிசைந்த மாதிரி இருக்கிறது. பார்த்தவுடன் "ஹவ் டி பாடி?" என்று கேட்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கு என்று நாம் கேட்பதேதான். கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்பது வழக்கமான பதில். கொஞ்சம் பழகியவர்களிடம் வேறு பதில் வருகிறது: "வீ டி மேனேஜ்." சமாளிக்கிறோம். ஒரு வாரத்தில் இதை நூறு தடவையாவது கேட்பேன் என்று அப்போது தெரியாது.

ஊர் நடுவில் ஒரு பெரிய இலவ மரம் இருந்தது. 1792-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அதன் அடியில் நின்றுதான் கடவுளுக்கு நன்றி சொன்னார்களாம். 2023 மே 24 இரவு அடித்த புயல்மழையில் மரம் முறிந்துவிட்டது. இப்போது அடிமரம் மட்டும் நிற்கிறது. கெகெ அதைச் சுற்றிப் போகும்போது, மரம் இருந்திருந்தால் இந்நேரம் சாலை பாதி நிழலில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு வெயில்.

2021 அக்டோபரில் இந்த நகரம் வெப்பத்துக்கென்று தனியாக ஒரு அதிகாரியை வைத்தது. ஆப்பிரிக்காவிலேயே முதல் ஆள், யூஜீனியா கார்க்போ. வெயிலுக்கு ஒரு அதிகாரியா என்று கேலி செய்யலாம். நானும் ஊரில் இருந்தபோது செய்தேன். சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் கேலி அடங்கிவிடும். திறந்தவெளிச் சந்தைகளில் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலை வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தால் எழுந்திருப்பது இருட்டில். 2022-இல் மூன்று சந்தைகளுக்கு மட்டும் வெயிலைத் திருப்பியடிக்கும் நிழற்கூரைகளைப் போட்டார்கள். இரவு வியாபாரத்துக்குச் சூரிய விளக்கும் வைத்தார்கள்.

நான் நின்ற தெருவில் அதெல்லாம் இல்லை. அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்த பந்தல், ஓட்டைக் குடை, எதுவும் இல்லாதவர்களுக்குத் தலையில் ஈரத்துணி. ஒரு அம்மா தக்காளியை நாலு நாலாக அடுக்கி வைத்திருந்தார். பத்து மணிக்குக் கூடை அவருக்கு வலப்பக்கம் இருந்தது. நான் சுற்றிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்தபோது காலுக்கு அடியில், பலகைக்குக் கீழே. மூன்று மணிக்கு இடப்பக்கம். நிழல் நகர நகரக் கூடையும் நகர்கிறது, கூடையோடு அவரும். அப்படியும் சாயங்காலத்துக்குள் பாதி தொளதொளத்துவிடும், பாதி விலைக்குத் தள்ளிவிடுவேன் என்றார். வெயிலின் விலை என்ன என்று எங்கள் மாதிரி ஆட்கள் அறிக்கையில் கணக்குப் போடுவோம். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தார்: அழுகினது பதினெட்டு.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் லியோன் நோட்டிலிருந்து மூன்று பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். வாயிலிருந்து இன்னும் எடுக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். நான் அரண்டுபோய் நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

மூன்றாம் நாள்: க்ரூ பே

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

க்ரூ பே ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. மேலே அரசு அலுவலகங்கள், நீங்கள் நிற்கும் சாலை; கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தால் கீழே கடல்வரைக்கும் துருப்பிடித்த தகரக் கூரைகள். அந்தத் தகர வீட்டுக்குக் கிரியோவில் 'பான் பாடி' என்று பெயர். முதலை ஆறு, அலிகேட்டர் ஆறு என்று இரண்டு ஆறுகள் இங்கே வந்து கடலில் சேர்கின்றன. முதலை ஒன்றையும் காணோம். பன்றிகள் உண்டு, குப்பை மேட்டில் குட்டிகளோடு.

கூட்டிப்போனவர் அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர். குடியிருப்பின் பேரிடர்க் குழுவில் இருக்கிறார். சம்பளம் எதுவும் இல்லாத வேலை. மழைக்காலத்தில் ராத்திரி முறைவைத்து முழித்திருந்து, ஆறு ஏறினால் விசில் ஊதி, கதவைத் தட்டி, கிழவர்களையும் குழந்தைகளையும் முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். கழுத்தில் அந்த விசில் தொங்கிக்கொண்டே இருந்தது. மழையே இல்லாத நாளில் எதற்கு என்று கேட்டேன். எங்கே வைத்தோம் என்று தேடக்கூடாது அல்லவா என்றார்.

வடிகால்காரன் கண்ணோடு சொல்கிறேன்: இந்த இடத்தில் தண்ணீர் நிற்காவிட்டால்தான் ஆச்சரியம். ஊரின் மலைகளில் பெய்வதில் பெரிய பங்கு இந்த வழியாகத்தான் இறங்குகிறது. மலையில் மரம் போகப்போகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் நேராக ஓடிவருகிறது, வரும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு. நடுவில் இருக்கிற தெருக்களின் சாக்கடையில் கிடக்கும் பிளாஸ்டிக் மொத்தமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கீழே வந்தால் ஆற்றின் படுகை மேடாகிக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறியிருந்தால், அமாவாசை பௌர்ணமியாக வேறு இருந்துவிட்டால், தண்ணீருக்குப் போக வழியே கிடையாது. வீட்டுக்குள்தான் வரும். இதில் க்ரூ பே மக்கள் செய்த தப்பு என்று பார்த்தால், ஆற்றின் கடைசியில் குடியிருப்பது ஒன்றுதான்.

ஒரு வீட்டுக்குள் போனோம். வயதான பெண்களை இங்கே 'மாமி' என்று கூப்பிடுகிறார்கள். தலையில் வண்ணத்துணி கட்டி, மீன் புகைபோடும் கரி கையில் ஒட்டிய ஒருவரை நான் "மாமி" என்று கூப்பிட்டபோது எனக்குள் மயிலாப்பூர் எட்டிப் பார்த்தது; அடக்கிக்கொண்டேன்.

ஒற்றை அறை. வெளியில் இருந்ததைவிட உள்ளே வெப்பம் அதிகம், தகரம் அடுப்புக்கல் மாதிரி. ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேரப்பிள்ளைகளோடு வாசலில்தான் படுக்கை, அப்புறம் கொசுவுக்குப் பயந்து உள்ளே. கட்டிலைப் பார்த்தேன். நாலு காலுக்கும் அடியில் மூன்று மூன்று சிமெண்ட் கல். ஏறிப் படுக்க ஒரு முக்காலி போட்டிருந்தார். கதவு நிலையில் கரிக்கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு வருஷத்துத் தண்ணீர். ஆனால் மாமி வெள்ளத்தைக் கோட்டால் அளப்பதில்லை, கல்லால் அளக்கிறார். "அந்த வருஷம் ஒரு கல்." "அது இரண்டு கல், அரிசி போச்சு." 2015 செப்டம்பர் வெள்ளத்தைக் கேட்டபோது கட்டிலைக் காட்டவில்லை, கூரையைக் காட்டினார்.

கூரைக் கம்பில் ஆணியடித்து ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, மூன்று முடிச்சுப் போட்டு. உள்ளே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, செத்துப்போன கணவரின் ஒரு போட்டோ. இந்த வீட்டில் மிக உயரத்தில் இருக்கும் பொருள் அதுதான். என் பை படகில் நனைந்த கதையைச் சொன்னேன். மாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இவ்வளவு தூரம் படித்துவிட்டு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லையா என்று இளைஞர் மூலம் கேட்டார்.

ஏன் வேறு இடத்துக்குப் போகவில்லை என்று கேட்கத்தான் செய்தேன். எல்லாரும் கேட்கிற கேள்வி, மாமிக்குப் பதில் மனப்பாடம். அந்த 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே மைல் 6 என்ற இடத்தில் குடியமர்த்தினார்கள். போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் வராது, சரி. மீனும் வராது. சந்தைக்கு வந்துபோகும் வண்டிச் சத்தம் போக மிச்சம் ஒன்றும் நிற்காது. பேச்சை முடிக்கும்போது தோளைக் குலுக்கி அதையே சொன்னார்: "வீ டி மேனேஜ்."

இங்கே சீட்டு உண்டு. பெயர் 'ஓசூசூ'. காலையில் ஓசூர், மத்தியானம் ஓசூசூ என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன், பதில் வரவில்லை. வாராவாரம் பெண்கள் கூடிப் பணம் போட்டு, முறைவைத்து எடுக்கிறார்கள். மாமி தன் முறையை எப்போதும் மே மாதத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்வாராம், மழைக்கு முன்னால் கூரைக்கு ஆணியும் தகரமும் வாங்க. காலநிலை நிதி என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்களே, அதில் இந்த மே மாதக் கணக்கு எந்தப் பத்தியில் வருமோ.

இந்த மாதிரிச் சேமிப்புக் குழுக்கள் பல சேர்ந்ததுதான் நகர்ப்புற, கிராமப்புற ஏழைகள் கூட்டமைப்பு. இவர்கள் உலகக் குடிசைவாழ் மக்கள் அமைப்பில் உறுப்பினர்கள். அந்த அமைப்பின் தலைவராகப் பல வருஷம் இருந்தவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குப் போய், குடிசை இடிப்புக்கு எதிராக நின்றவர், 2018-இல் காலமானார். குடிசைப் பகுதியை அங்கே இருக்கிறவர்களே வீடு வீடாக எண்ணி, எழுதி, வரைபடம் போட்டு அதிகாரி முன் வைக்கும் முறையை இந்த அமைப்பு நாடு நாடாகக் கொண்டுபோனது. இளைஞரும் அப்படி எண்ணியவர்தான். எத்தனை வீடு, எத்தனை கக்கூஸ், எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார். அற்புதம் என்ற பெயருக்கு எங்கள் மொழியில் என்ன பொருள் என்று சொன்னேன். நல்ல பெயர் என்றார்.

திரும்பும்போது ஒரு கூட்டம் ஆற்றுக்குள் இடுப்பளவு நின்று மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தைய தூர்வாரல். அள்ளின சேற்றைக் கொட்ட இடம் இல்லாமல் கரையிலேயே குவித்திருந்தார்கள். முதல் மழையில் பாதி திரும்பவும் உள்ளே போய்விடும். அவர்களுக்கும் அது தெரியும். ஏற்றிப்போக ஒரு லாரி வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் நாள்: மலை

வழியில் ஹில் ஸ்டேஷன். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று செகந்தராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் 1899-இல் ஃப்ரீடவுனுக்கு வந்து இங்கேயும் ஆராய்ந்தார். விளைவு, கொசுவை ஒழிப்பதைவிடக் கொசு வராத உயரத்துக்குப் போய்விடுவது எளிது என்று வெள்ளைக்காரர்கள் முடிவெடுத்தார்கள். 1904-இல் மலைமேல் தங்களுக்கு மட்டும் குடியிருப்பு, போய்வர ஒரு ரயில்.

இப்போது மலையில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், பள்ளத்தில் இடம் கிடைக்காதவர்கள். கூடவே, சுற்றுச்சுவரும் ஜெனரேட்டரும் வைத்த மூன்று மாடி வீடுகளும். காட்டை அழித்தது ஏழைகள் என்று சொல்வது சுலபம். நான் பார்த்த பொக்லைன் எந்த ஏழையுடையதும் இல்லை.

ரீஜென்ட் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். 2017 ஆகஸ்ட் 14, அதிகாலை, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு சுகர் லோஃப் மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. அந்த ஜூலை முதல் தேதியிலிருந்து அன்றுவரை 1,040 மில்லிமீட்டர், வழக்கத்தைப்போல மூன்று மடங்கு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண்ணும் பாறையும் விழுந்து, ஆற்றோடு சேர்ந்து கடலோரத்து லம்லிவரை ஓடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,141 பேர். மலையில் அந்தக் காயம் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது, ஓரங்களில் புல் ஏறியிருக்கிறது. அங்கே படம் எடுக்கவில்லை.

சரிவுக்கு அப்பால் மரம் வைக்கிறார்கள். மேயர் இவோன் அக்கி சாயர் 2018-இல் பொறுப்புக்கு வந்த பிறகு தொடங்கிய திட்டம், இலக்கு 10 லட்சம் மரம். மரம் நடு விழா நமக்குப் புதிதல்ல. குழி தோண்டி, கன்று வைத்து, போட்டோ எடுத்து, அடுத்த வருஷம் அதே குழி. இங்கே கொஞ்சம் வித்தியாசம். நட்டால் மட்டும் காசு முழுதாகக் கிடைக்காது. நட்டவரே மாதங்கள் கழித்துத் திரும்பப் போய், செல்போனில் அந்தக் கன்றைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். இடமும் கூடவே பதிவாகும். கன்று உயிரோடு இருந்தால் பணம்.

அப்படி வளர்க்கிற ஒரு பெண்ணோடு மேலே ஏறினேன். காலில் ரப்பர் செருப்பு, கையில் கத்தி, இடுப்பில் போன். கத்தி பாம்புக்கு இல்லையாம், கொடி வெட்ட. ஒரு கன்றின் கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை வெட்டிவிட்டு, குனிந்து இலைமேல் இருந்த மண்ணைத் துடைத்து, அப்புறம்தான் படம் எடுத்தார். போனுக்கு டவர் கிடைக்கவில்லை. இன்னும் இருபது அடி ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்து நின்றார், படம் ஏறும்வரை. கன்றில் எத்தனை பிழைத்தது என்று கேட்டேன். பிழைத்ததைச் சொல்லாமல் போனதைத்தான் சொன்னார்: இரண்டை ஆடு தின்றது, ஒன்றின் மேல் யாரோ வீட்டுக்கு மண் கொட்டிவிட்டார்கள், ஒன்று ஏன் செத்தது என்று தெரியவில்லை. அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்.

ஐந்தாம் நாள்: காக்கிள் பே

கடலை நகர்த்திவிட்டு வீடு கட்டுவதை இங்கே 'பேங்கிங்' என்கிறார்கள். நண்பனின் கெகெ ஓட்டுநர் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் வங்கி என்றே நினைத்தேன். ஒருவகையில் அதுவும் சரிதான், இருக்கிற சேமிப்பையெல்லாம் அதில்தான் போடுகிறார்கள்.

காக்கிள் பே என்பது அபர்டீன் ஓடையின் கரை. காக்கிள் என்றால் மட்டி. பெண்கள் கடல் வற்றும்போது சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கி, அவித்து, சதையை விற்கிறார்கள். ஓடு மிஞ்சுகிறது. அந்த ஓட்டின் மேல்தான் குடியிருப்பின் பல சந்துகள். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

ஒருவர் அப்போதுதான் நிலம் 'செய்துகொண்டிருந்தார்'. முதலில் தண்ணீருக்குள் வரிசையாகக் குச்சி அடித்து, பழைய டயர்களைக் கட்டி, மண் நிரப்பிய அரிசிச் சாக்கை அணையாக அடுக்குகிறார். அதற்குள் குப்பை. கைவண்டிப் பையன்கள் ஊர்க்குப்பையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். மேலே மட்டி ஓடு, அதற்கு மேலே மலையிலிருந்து வாங்கிய செம்மண். காலால் மிதித்து, அடங்கவிட்டு, மறுபடி மண். ஒரு அறை அகல நிலத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார். தாய்மடி மாதிரி அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கோ அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கும், அது அழுங்குகிற வேகமும், ஓடையின் வாய் குறுகுவதும்தான் கண்ணில் பட்டது. இவர் நிலம் ஆக ஆகப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் சீக்கிரம் வரும். மலையிலிருந்து வாங்கிய செம்மண் எந்தச் சரிவை வெட்டி எடுத்ததோ.

அவரிடம் இதைச் சொன்னேனா? அரைகுறையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, எங்கே கட்டச் சொல்கிறீர்கள் என்றார். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு சாக்கைத் தூக்கிக் கொடுத்தேன்.

கரையின் இன்னொரு மூலையில் சுரபுன்னை நட்டிருந்தார்கள். பிச்சாவரத்தில் பார்க்கிற அதே காலூன்றி வேர்கள், இங்கே முழங்கால் உயரத்தில். மீன் புகைபோடச் சுரபுன்னைக் கட்டைதான் நல்லது என்று வெட்டித் தீர்த்ததும் இதே கரைதான். கன்றுகளுக்கு இப்போது காவல் இருப்பதும் இதே கரைப் பெண்கள்தான். மரம் வந்தால் மட்டி வரும் என்பது அவர்கள் கணக்கு. அலையைத் தடுக்கும் என்பதெல்லாம் இரண்டாவது.

ராத்திரி நண்பனோடு சண்டை. நான் 'தாங்குதிறன்' என்று ஏதோ ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் எல்லாத் திட்ட அறிக்கையிலும் வருகிற வார்த்தை. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு லாரிதான் ஞாபகம் வருது. எத்தனை டன் தாங்கும்னு பார்ப்பாங்க, அத்தனையையும் ஏத்திடுவாங்க." சரிடா, அப்ப என்ன செய்யச் சொல்கிறாய் என்றேன். குப்பையை ஒழுங்காக அள்ளட்டும், மலையில் பெரிய வீடு கட்டுகிறவனை நிறுத்தட்டும், அப்புறம் மாமியின் கட்டிலைப் பற்றிப் பேசலாம் என்றான். குப்பை அள்ள நகராட்சி இளைஞர் குழுக்களுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்திருக்கிறது, வீட்டு வரியைச் செயற்கைக்கோள் படம் வைத்து மாற்றியிருக்கிறது, பெரிய வீட்டுக்குக் கூட, சின்ன வீட்டுக்குக் குறைவாக. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லாதே என்று நானும் விடவில்லை. அவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மரவள்ளிக் கீரைக் குழம்பு ஆறிப்போய் மேலே பாமாயில் ஆடை கட்டிவிட்டது. இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு: சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒருமித்த கருத்து.

ஆறாம் நாள்

ஒன்றும் செய்யவில்லை. லம்லி கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தது. எதிரே வறுத்த மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுப்பை அணைக்காமலேயே குடையைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். நானும் எழுந்தேன்.

ஏழாம் நாள்: மழை

ராத்திரி ஒன்றரைக்குப் பிடித்தது. நண்பன் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை, அப்படியும் பேச்சுக் கேட்கவில்லை. பருவத்தின் முதல் மழை, இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டது. தூக்கம் வரவில்லை. கடலின் ஏற்ற நேரத்தைப் போனில் பார்த்தேன். தொழில் புத்தி. நல்லவேளை, வற்றும் நேரம்.

காலையில் க்ரூ பே இளைஞரிடமிருந்து செய்தி. விசில் ஊத வேண்டி வந்ததாம், ஒரே ஒரு தடவை, கீழ்ச் சந்துக்கு மட்டும். யாருக்கும் ஒன்றும் இல்லை. கரையில் குவித்திருந்த சேறு பாதிக்கு மேல் ஆற்றுக்குள் போய்விட்டது. மறுபடி அள்ள ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமி வீட்டில் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு கல்லுக்குக் கீழே.

மத்தியானம் படகு. இந்தத் தடவை என் பையை நானே இரண்டு குப்பைப் பைகளுக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். படகுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில், பாட்டிலும் செருப்புமாக மிதக்க, கழிமுகத்தின் நடுவரைக்கும் வந்திருந்தது. ஊரின் பக்கம் திரும்பிப் பார்த்தால், மழை கழுவிவிட்டதில் மலையின் வீடுகள் தனித்தனியாக எண்ணலாம் போல் தெரிந்தன.

பாதி வழியில் போன் அடித்தது. மாமியின் குரல்பதிவு, பின்னணியில் யாரோ தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம். கீழே இளைஞர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: கட்டில் நனையவில்லை. பாயை வெயிலில் போட்டிருக்கிறேன். உன் சட்டையெல்லாம் காய்ந்துவிட்டதா?